ராத்தாவின் வலக்கை

சுவரில் ஆள் படம் மாட்டக் கூடாது என்று அக்கா புருஷன் ஸலாஹுதீன் மச்சான் ஒற்றைக் காலில் நின்றார். படம் தொங்குகிற வீட்டுக்கு வானத்து மலக்குகள் வரமாட்டார்களாம். எனக்கு வந்த கோபத்தில், "மலக்கு வந்து ஒங்கட புள்ளைக்குச் சோறு தீத்துமா?" என்று கேட்டுவிட்டேன்.

"வாயக் கழுவுடி சுஹறா," என்று என் அக்கா, ஹபீலா ராத்தா, பதறினாள்.

மறுநாள் அவள் குவைத்துக்குப் பயணம், வீட்டு வேலைக்கு. மச்சானுக்கு வட்டையில் வயல் இருந்தது. ஆனால் சண்டையால் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்க முடியாத காலம் அது. ராத்தாவுக்கு ஒரே மகள், ஸீனத், நாலு வயது. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் பெண் பிள்ளை பிறந்த அன்றே தாய்க்கு வீடு கட்டும் கவலையும் பிறந்துவிடும்.

ராத்தாவுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. "புள்ள என்ன மறந்திருமேடி. நான் வரக்குள்ள இது ஆரு எண்டு கேட்டாளெண்டா நான் உசிரோட மவுத்தாப் போயிருவன்."

அவள் படத்தை மாட்டத்தான் மச்சான் விடவில்லை. சரி, கை அச்சு என்றால்? என்று கேட்டேன். மச்சான் தாடியைத் தடவி யோசித்தார். "கை எண்டாப் பரவாயில்ல. கண்ணும் மூக்கும் இல்லத்தானே."

கல்யாண வீட்டு அறைச் சுவர்களில் மாட்டும் துணிப் பெனல் செய்வது என் தொழில். கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் இருந்தபோது பழகிய வேலை. மையைத் துணியில் பூசுவதில்லை, தாளில்தான் பூசுவோம். தேய்ந்த இறப்பர் செருப்பை வெட்டினால் பூ அச்சு. பழைய எக்ஸ்ரே படத்தைக் குடைந்தால் கொடி போடும் தகடு. தாளில் காய்ந்த மை சாம்பல் பூத்துப்போய்க் கிடக்கும், பார்த்தால் யாரும் காசு தரமாட்டார்கள். அந்தத் தாளைப் பொலியெஸ்டர் துணியில் கவிழ்த்து அயன்பெட்டியால் அழுத்தினால், சூட்டில் மை ஆவியாகி நூலுக்குள் ஏறிவிடும். சிவப்பு அப்போதுதான் சிவப்பாகும். பிறகு எத்தனை துவைத்தாலும் போகாது. பருத்தி நெய்கிற மருதமுனைக்காரர்கள் "பிளாஸ்டிக் துணி" என்று நக்கலடிப்பார்கள். அடிக்கட்டும்.

ராத்தாவின் வலக்கையில் பஞ்சால் சிவப்பு மை ஒற்றினேன்.

"கூசுதுடி."

"ஆடாம இரிங்க ராத்தா. விரல விரிச்சு வைங்க."

ஸீனத் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள். சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து வளைந்த சுண்டுவிரல் வரைக்கும் அப்படியே தாளில் பதிந்தது. சுற்றிவர செருப்பு அச்சால் பூப் போட்டேன். கையை எவ்வளவு தேய்த்துக் கழுவியும் சாயம் போகவில்லை. "கிடக்கட்டும், மருதோண்டி எண்டு நினைச்சுக்குவன்," என்றாள் ராத்தா. அந்தச் சிவப்புக் கையோடுதான் வேனில் ஏறினாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து அயன்பெட்டியைச் செருகினேன்.

தாளை உரித்தபோது, மாஷா அல்லாஹ், அப்படி ஒரு சிவப்பு! அதற்குப் பிறகுதான் பெருவிரலைப் பார்த்தேன். என் வலக்கையை மேலே வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. இடக்கை பொருந்தியது.

தாளில் உள்ளது துணியில் இடம் வலமாக மாறும். ஒரு பிறை வெட்டினாலும் திருப்பித்தான் வெட்டுவேன். அன்று அழுத அழுகையில் அந்த நினைப்பே வரவில்லை. மை முழுக்கத் துணிக்கு ஏறிவிட்டது. மறுபடி வைக்க அந்தக் கையும் ஊரில் இல்லை.

"இதென்ன புள்ள, இடக்கையப் போட்டு வெச்சிரிக்காய்?" என்றார் மச்சான். "சோறு தீத்தின வலக்கையத்தானே கேட்டா அவ?"

ஆத்திரத்தில் அவரோடு ரெண்டு நாள் கதைக்கவில்லை. ஆனாலும் பெனலைச் சட்டத்தில் அடித்து, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் மாட்டினேன்.

ஸீனத்துக்கு அது பழக்கமாகிவிட்டது. இராச்சாப்பாடு முடிந்ததும் ஓடிப்போய்த் துணியில் கையை வைப்பாள். "உம்மா, நான் சோறு திண்டுட்டன்," என்பாள். வைப்பது இடக்கை.

"சோத்துக்கைய வை மகள்," என்று நானும் மச்சானும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம்.

"அது சேருதில்ல சாச்சி," என்பாள். பிள்ளை சொல்வது சரிதான், என்ன செய்ய?

ராத்தா திரும்பி வந்தபோது ஸீனத் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். ராத்தாவுக்குக் கறுப்பு அபாயா, மெலிந்த முகம், கையில் பெரிய பொம்மை. "எண்ட கிளி," என்று தாவி வந்தவளைக் கண்டு பிள்ளை அலறிக்கொண்டு என் பின்னால் ஒளிந்தாள்.

"சாச்சி, இது ஆரு?"

யா அல்லாஹ், எந்தச் சொல்லுக்குப் பயந்தாளோ அதே சொல். ராத்தா பொம்மையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்தாள். அழக்கூட இல்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "பெத்த உம்மாடி! போ!" என்று பிள்ளையின் தோளைப் பிடித்து இழுத்தேன். அவள் வீறிட்டாள்.

"விடு சுஹறா! இழுக்காத!" ராத்தா வலக்கையை உயர்த்தி என்னைத் தடுத்தாள். "பயப்பிடுறாடி. அவள விடு."

ஸீனத்தின் அழுகை சட்டென்று நின்றது. அவள் பார்த்தது முகத்தை அல்ல, கையை. எங்களுக்கு நேராக விரித்த உள்ளங்கை. பெருவிரல் சுவரில் இருந்த அதே பக்கம். வளைந்த சுண்டுவிரலும் அதே பக்கம்.

எதிரே நிற்பவரின் வலக்கை நமக்கு அப்படித்தான் தெரியும். இவ்வளவு காலமும் ராத்தா அந்தத் துணிக்குப் பின்னால் நின்று பிள்ளைக்கு நேராகக் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இது என் மரமண்டைக்கு ஏறவில்லை, பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

ஸீனத் என்னை விட்டு மெல்ல நடந்தாள். தன் இடக்கையைத் தாயின் வலக்கையோடு சேர்த்து வைத்தாள், பெருவிரலுக்குப் பெருவிரல். மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"உம்மா, நான் சோறு திண்டுட்டன்."

ராத்தாவுக்கு அந்தப் பேச்சு ஒன்றும் தெரியாது. ஆனால் சுவர் ஒருநாளும் கேட்காததை அவள் கேட்டாள்.

"என்ன கறி, மகள்?"