குல்லாவின் கடைசிச் சுற்று

1

இந்தக் கதை ஒரு குல்லாவிலிருந்து வந்தது என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அது முக்கால் உண்மை. மீதிக் காலை எங்கே நுழைப்பது என்று தெரியாமல் மூன்று முறை தொடங்கியாயிற்று.

முதல் தொடக்கம்: 'கண்ணாடிகளுக்கு நடுவே வாழ்ந்த ஒருவன் ஒருநாள் தன் முகத்தை' — வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

இரண்டாவது, ஒழுங்காக: என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, முடிதிருத்துகிறவன். இரண்டு மாதத்துக்கு முன் அவன் தலைக்குள்ளிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காதோரத்திலிருந்து உச்சிவரை ஒரு தழும்பு மட்டும் மிச்சம். அங்கே முடி வரவில்லை. அவன் கடையில் எதிரெதிர்ச் சுவர்களில் கண்ணாடி. முன்னால் பார்த்தால் பின்னாலும் தெரியும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தவன் ஒருநாள், "ஒரு குல்லா பின்னிக் குடுக்கா. திங்கக்கிழம கடையத் திறக்கறேன்" என்றான்.

(குல்லா போடுவது என் தொழில். பின்னுவது என் மனைவியின் வேலை.)

2

என் மனைவியை ஒரு பாத்திரமாக நான் நம்பவில்லை. அவளுக்குக் கை இறுக்கம், நூல் விஷயத்தில் மட்டும். (அவள் இதைப் படிப்பாள்.)

உச்சியில் தொடங்கி நெற்றியில் முடியும் குல்லா அது. ஓரத்துக்கு ரிப் பின்னல், மேடும் பள்ளமுமாக. இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். ஆனால் கடைசிச் சுற்றை வழக்கம்போல இழுத்து முடித்தால் விளிம்பு மட்டும் கயிறு மாதிரி நின்றுவிடும். நின்றது. தழும்பின் மேலேயே உட்கார்ந்து அழுத்தியது.

"பரவால்லக்கா" என்று கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

வரைவைப் படித்துவிட்டு மனைவி கேட்டாள்: "எனக்குப் பின்னவே தெரியாதுன்னு எழுதி வெச்சிருக்கீங்க?"

"கதைக்கு ஒரு சிக்கல் வேணுமே."

"சிக்கல் நூல்ல இல்ல" என்றாள். நான் பேனாவைப் பார்த்துக்கொண்டேன்.

3

அவள் கடைசிச் சுற்றை மட்டும் பிரித்தாள்.*

"அவன் துண்டு கட்ட ஆரம்பிச்சது எப்பன்னு எழுதுங்க."

"அது கதைக்குத் தேவையில்ல."

"அப்பக் கதையே தேவையில்ல" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

* கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டது: ஒவ்வொரு கண்ணையும் (பின்னலின் ஒரு வளையத்துக்குக் கண் என்று பெயர்) பின்னுவதற்கு முன் நூலை ஊசியில் ஒருமுறை கூடுதலாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். பின்னியபின் அந்தச் சுற்றைக் கண்ணின் மேல் தூக்கிப் போட்டு, அப்புறம்தான் முந்தின கண்ணை இதைத் தாண்டவிட்டு அடைக்க வேண்டும். கண்ணுக்குக் கண் கொஞ்சம் தாராளம். இப்படி நூற்றுச் சொச்சம் கண்கள். (இங்கே உறவுகளைப் பற்றி ஒரு உவமை எழுதி அடித்துவிட்டேன். உங்களுக்கே தோன்றியிருக்கும்.)

4

மூன்றாம் தொடக்கம். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, எல்லோரும் அவன் தலையைப் பார்த்துப் பேச்சில்லாமல் நின்றோம். எனக்குத்தான் சும்மா இருக்க வராதே.

"யாருப்பா இவ்ளோ கோணலா வகிடு எடுத்தது?" என்றேன்.

அதுவும் ஒரு முடிதிருத்துகிறவனிடம். அவன்தான் முதலில் சிரித்தான். மறுநாள் காலையிலிருந்து துண்டு.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதை மறைக்கத்தான் பின்னலைப் பற்றி இவ்வளவு எழுதினேன்.

5

முடிவுகள்.

அ) குல்லா பொருந்துகிறது. கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறான். பத்திரிகைக்கு அனுப்பலாம்.

ஆ) பொருந்தவில்லை. கடை பூட்டியே கிடக்கிறது. இதற்குப் பரிசுகூடக் கிடைக்கும்.

இ) நடந்தது. திங்கட்கிழமை காலை மூன்று பேரும் கடைக்குப் போனோம். ஓரம் இழுத்த இழுப்புக்கெல்லாம் விரிந்து, தழும்பைத் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்தது. மனைவி உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள்.

"அழுத்துதாடா?"

"இல்லக்கா."

முதல் வாடிக்கையாளர் துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் காத்திருந்தார். மச்சினன் கத்தரியை எடுத்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடியில் அவனேதான். அதனால் கத்தரியையே பார்த்துக்கொண்டு கேட்டான்:

"அத்தான், கோணலா இருக்கா?"

இடது பக்கம் ஒரு விரற்கடை ஏறித்தான் இருந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள்.

என் வாயை நம்பி ஒருமுறை ஆனது போதும். இந்தமுறை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவன் இன்னும் நிமிரவில்லை.