சும்மா பக்கத்தில் நிற்பவன்

...சறுக்கத் தெரிந்த ஒருவன் வேண்டுமாம் அடுத்த சீசனுக்கு, அதைத்தான் நேற்று ஐஸ் ஹொக்கி ஆட்டம் முடிந்ததும் உடுப்பு மாற்றும் அறை வாசலில் வைத்துப் பயிற்சியாளர் சொன்னார், கையில் கோப்பியோடு, காலம் மாறிவிட்டது கீர்த், சண்டை பார்க்க இப்போது யாரும் டிக்கெட் வாங்குவதில்லை, வேகமாகச் சறுக்குகிற இளம் பையன்கள்தான் வேண்டும் என்று, ஏதோ கடையில் பால் முடிந்துவிட்டது என்பது போல... சறுக்கத் தெரிந்தவன்! அந்தச் சொல்லை மட்டும் கீர்த்தனனால் விழுங்க முடியவில்லை. லண்டன் பிளாக்வோல் சுரங்கப் பாதைக்கு முன்னால் வாகனங்கள் அசையாமல் நின்றன, மார்ச் மாத வெயில் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் குத்தியது, சித்தப்பா யோகராஜா ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு தட்டலும் அவன் இடது கண்ணுக்குப் பின்னால் விழுந்தது. நிறுத்துங்கள் சித்தப்பா என்று சொல்லலாம், சொன்னால் ஏன் என்று கேட்பார், ஏன் என்றால் நேற்று ஒருவன் குத்தியது அங்கேதான் என்று சொல்ல வேண்டும்... மடியில் கிடந்த வலது கை வேறு யாருடையதோ போல வீங்கியிருந்தது, முட்டிகள் இருக்கிற இடமே தெரியவில்லை.

“நீ ஒண்டும் கதைக்க வேண்டாம் தம்பி,” என்றார் சித்தப்பா, இல்ஃபோர்டில் ஏறியதிலிருந்து இதையே சொல்லிக்கொண்டு வருகிறார், “சும்மா என்ரை பக்கத்தில நில்லு, காணும். உன்னைக் கண்டால் அவனுக்கு விளங்கும்.” ஓம் சித்தப்பா என்றான். அவன் என்பது பெனடிக்ற், மன்னார்ப் பக்கத்துப் பையன், டூட்டிங்கில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே வாடகைக்கு இருக்கிறான், சித்தப்பாவின் மகள் தர்மிகா போன மாதம் ஒரு சின்னப் பையோடு வீட்டை விட்டு அங்கே போய்விட்டாள், வேதக்காரன், ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போகிறவன், அவனோடு எப்படி என்று சித்தி கனகாம்பிகை அன்று படுத்தவள் இன்னும் எழும்பி ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பாவம்தான் சித்தியும்... ஆனால் இந்தச் சித்தப்பாதானே, கலியாண வீடுகளில் அண்ணையின்ரை மகன், கொம்ப்யூட்டரில வேலை என்று அவனைச் சொல்லி வைத்தவர், தர்மிகா பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் வீடியோக்காரனிடம் போய், அந்தக் கண் வீங்கினவனை எடுக்காதையும் தம்பி என்று காதுக்குள் சொன்னவர், அன்றைக்கு மறைக்க வேண்டியிருந்த முகம் இன்றைக்குக் காட்டித் திரிய வேண்டியதாகிவிட்டது, அது எப்படி, கேட்டால் என்ன, கேட்டுவிடலாமா... கேட்கவில்லை. அவன் எப்போது யாரிடம் கேட்டிருக்கிறான்.

சறுக்கத் தெரிந்தவன் என்றால் யார்? கவுன்சில் கோடை விடுமுறையில் அகதிப் பிள்ளைகளை இலவசமாகப் பனிச்சறுக்கு ரிங்க்குக்குக் கூட்டிப்போனபோது மற்றவர்கள் எல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, பனியில் கால் வைத்த உடனே, தன் உடம்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று முன்பே தெரிந்தது போலப் போன அந்த ஒல்லிப் பையன் யார்? பின்பக்கமாகச் சறுக்குவதில் அந்த ரிங்க்கிலேயே அவனை மிஞ்ச ஆள் இல்லை, பதினாறு வயதில் பதினெட்டு வயதுக்காரர்களோடு ஆடினான், பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை மட்டையின் நுனியில் ஒட்டி வைத்தது போலக் கொண்டுபோவான், கோல் அடித்தான், ஒன்றா இரண்டா... பிறகு அந்த ஒரு மாலை. தங்கள் அணியின் நல்ல ஆட்டக்காரனை எதிராளி ஒருவன் பின்னாலிருந்து பலகைச் சுவரோடு சேர்த்து நசுக்கினான், கீர்த்தனனுக்கு என்ன வந்ததோ, கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து அடித்தான், கீழே விழும் வரைக்கும் அடித்தான், அரங்கு முழுக்க எழுந்து நின்றது. இரண்டு கோல் அடித்த நாளிலும் உட்கார்ந்தபடி கைதட்டிய அதே சனம். அடுத்த ஆட்டத்தில் அவனை வாங்கில், ஆட்டக்காரர்களின் அந்த நீளப் பெஞ்சில், கடைசியில் உட்காரவைத்து, உனக்கு இனி வேறு வேலை என்றார் அப்போதைய பயிற்சியாளர், நீ ஆட வேண்டாம், அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி இரு, எங்கள் பையனை யாராவது தொட்டால் போய்க் கவனி. அதற்கு ஒரு பெயரும் இருந்தது, என்ஃபோர்சர், சம்பளமும் இருந்தது, இருக்க ஒரு ஃபிளாட் தந்தார்கள், ஓட ஒரு கார் தந்தார்கள், பத்து வருடங்கள், வடக்கே இரண்டு நகரங்கள், மறுபடியும் லண்டன். ஓர் ஆட்டத்துக்கு மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ பனியில், மிச்சம் எல்லாம் வாங்கு, அல்லது அடித்ததற்காக அடைத்து வைக்கிற தண்டனைப் பெட்டி. உட்கார வைத்தே காலை மரத்துப்போகச் செய்துவிட்டு இப்போது சறுக்கத் தெரியாது என்றால்... அதை அந்தக் கோப்பிக்காரரின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டாமா? நேற்று என்ன சொன்னான், ஓகே என்றான், தாங்ஸ் என்றும் சொன்னான், எதற்குத் தாங்ஸ், கடவுளே, எதற்கு.

“கை நோகுதோ?” என்று சித்தப்பா திடீரென்று கேட்டார், கிளப்பமுக்குக் கிட்டே. “இல்லை, பரவாயில்லை.” “நோகுதெண்டால் பொக்கற்றுக்க வைச்சுக்கொள்ளாதை, வெளியில தெரியட்டும்.” ஓ, அதற்காகவா... கீர்த்தனனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, தாடை வலித்ததால் வரவில்லை. குடும்பத்தில் ஆட்டம் பார்க்க வந்த ஒரே ஆள் தர்மிகாதான், பள்ளிக்கூட பிளேசரோடு, சிப்ஸ் பைக்கற்றோடு, அம்மாவுக்கு லைப்ரரி என்று பொய் சொல்லிவிட்டு வருவாள், ஒரு நாள் முடிந்து வெளியே வந்தபோது கேட்டாள், “அண்ணா, நீங்கள் ஏன் கோல் அடிக்கிறேல்லை?” அது என் வேலை இல்லை தர்மி என்றான். “அடிக்க ஏலாதோ, இல்லாட்டி விடுறாங்கள் இல்லையோ?” இன்றுவரை அதைப் போல ஒரு கேள்வியை எந்தப் பத்திரிகைக்காரனும் கேட்கவில்லை... அந்தத் தர்மியின் வீட்டுக்குத்தான் போகிறோம். அவளோடு கதைக்கலாம், சித்தப்பா ஒரு பக்கம் கத்தட்டும், எப்படி இருக்கிறாய் என்று கேட்கலாம், சித்தி சாப்பிடுகிறாள் இல்லை என்று சொல்லலாம், அதற்காகத்தான் வருகிறேன், அடிக்கவோ மிரட்டவோ இல்லை, நான் வந்தால் நல்லதுதான், நான் இருந்தால் சித்தப்பா கைநீட்ட மாட்டார், என்று தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான், சொல்லச் சொல்ல அது நிஜம் போலவே இருந்தது.

அப்பர் டூட்டிங் ரோட்டில் காரை நிறுத்த இடமில்லாமல் இரண்டு தரம் சுற்றினார்கள். கடை வாசலில் முருங்கைக்காய்க் கட்டுகளும் கருவாட்டு வாசனையும், அதற்குப் பக்கத்தில் ஒரு ஒடுங்கிய கதவு, திறந்தே கிடந்தது, உள்ளே மரப்படி, விளக்கு இல்லை. “நீ முன்னால போ,” என்றார் சித்தப்பா. ஏன் நான், பக்கத்தில் என்றுதானே சொன்னீர்கள்... போனான். படி அவன் பாரத்துக்கு முனகியது, தோள் இரண்டு சுவரிலும் உரசியது, மேலே ரேடியோச் சத்தம் கேட்டது, யாரோ பாத்திரம் கழுவினார்கள். தட்டினான், இடது கையால். தண்ணீர்ச் சத்தம் நின்றது. காலடி வந்தது, ஒரு பெடியனின் காலடியா, பாரமானதா, லேசானதா, எவ்வளவு உயரம் இருப்பான், எந்தக் கைக்காரன்... கதவு திறந்தது, நின்றது தர்மிகா. கையில் சவர்க்கார நுரை. முதலில் சிரித்தாள், அதை அவன் நிச்சயமாகக் கண்டான், அண்ணா என்று வாய் திறந்தாள், அதற்குள் அவள் கண் அவன் முகத்திலிருந்து கைக்கு இறங்கியது, கையிலிருந்து பின்னால் படியில் நின்ற தகப்பனுக்குப் போனது, சிரிப்பு அப்படியே வற்றியது, இரண்டு ஈரக் கைகளாலும் கதவு நிலையைக் குறுக்கே பிடித்தாள்.

“அவரை அடியாதேங்கோ அண்ணா.”

இல்லை தர்மி, நான் அதுக்கு... என்று தொடங்கினான். அவளுக்குப் பின்னால் ஒரு மெலிந்த இளைஞன், கண்ணாடி போட்டவன், தட்டுத் துடைக்கும் துணியைத் தோளில் போட்டிருந்தான், வெளிறிப்போய்த்தான் இருந்தான், ஆனாலும், “உள்ளுக்கு வாங்கோ, இருந்து கதைப்பம்,” என்றான். சித்தப்பா படியிலிருந்தே, “ஆரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன் எண்டு பார்த்தியோ, இன்னொருக்கா வரவைக்காதை,” என்று சத்தம் போட்டார், இன்னும் என்னென்னவோ. கீர்த்தனனுக்கு அவை ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை, அவன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். இடது கால் அரை அடி பின்னால் போயிருந்தது. முழங்கால் மடிந்திருந்தது. தாடை தோளுக்குள் இறங்கியிருந்தது. பனியில் ஒருவனோடு மோதுவதற்கு முன் நிற்கிற அதே நிலை, எப்போது போனது அந்தக் கால், கதவு திறக்க முன்பா, திறந்த பிறகா, தர்மியைக் கண்ட பிறகும் அப்படியேதான் நின்றதா... காலைத் திரும்ப முன்னால் வைத்தான். அவன் அசைந்ததைக் கண்டு அவள் திடுக்கிட்டுப் பின்வாங்கிக் கதவைச் சாத்தினாள். உள்ளே ஏதோ உலோகம் உரசுகிற சத்தம்.

இறங்கும்போது சித்தப்பா அவன் முதுகில் தட்டினார், மெல்ல, பாசமாகவே. “முதல் ரெண்டு தரம் நான் தனிய வந்தனான் தம்பி, கதவை ஆவெண்டு திறந்து வைச்சுக்கொண்டு எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தவள். இண்டைக்குப் பார், கதவுக்குச் சங்கிலி போட்டிட்டாள்.” அவர் குரலில் போன மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக ஒரு தெம்பு. கீர்த்தனன் பாதிப் படியில் நின்றான். நாளைக்கு அவளுக்கு ஃபோன் எடுத்து நான் அடிக்க வரவில்லை என்று சொல்லலாம், சொன்னால் நம்புவாள், நம்பக்கூடும்... இத்தனை வருடமும் பயிற்சியாளர் அனுப்பினார் போனேன், சித்தப்பா கூப்பிட்டார் வந்தேன், என்று யாரோ ஒருவர் எப்போதும் இருந்தார், ஆனால் அந்தக் காலைப் பின்னால் வைக்கச் சொல்லி யார் சொன்னது? கீழே தெருவில் பஸ் ஒன்று மூச்சு விட்டு நின்றது, யாரோ முருங்கைக்காய் விலை கேட்டார்கள், “வா தம்பி, கார் நிக்கிற இடம் சரியில்லை,” என்று சித்தப்பா வாசலிலிருந்து கூப்பிட்டார், அவன் ஓம் என்றான், வாறன் என்றான், கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றான்.