தன் கல்லறைக்குப் பூ வாங்கிய தோனா திபூர்சியா

தோனா திபூர்சியா, அதாவது திபூர்சியா அம்மாள், செத்துப்போன செய்தியை அவளுக்குப் படித்துக் காட்டியதே அவள் பெற்ற பிள்ளைதான். சினிமாப் பத்திரிகையில் முழுப்பக்கம் போட்டிருந்தார்கள். ஹலிஸ்கோ மாநிலத்தில், சான் மெல்கியாதெஸ் என்ற கிராமத்தில், ஆற்று வெள்ளத்தில் கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கரையில் நின்றவர்களிடம் எறிந்துவிட்டு, "இவன் நம் தேசத்துக்காகப் பாடட்டும்" என்று சொல்லி முழுகிப்போனாளாம். திபூர்சியா அப்போது மெக்சிகோ நகரத்து மெர்செத் சந்தையில், சோளமாவுத் தமாலே வேகும் அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஹலிஸ்கோ பக்கம் அவள் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

"முழுகப் போறவ அவ்வளவு பேசுவாளாடா?" என்று மட்டும் கேட்டாள்.

எல்லாம் சினிமாக் கம்பெனி விளம்பர அதிகாரி பெர்மூதெஸின் வேலை. குதிரையேறிப் பாடும் நாயகனுக்குத் தாய் இருக்கக் கூடாது, இருந்தால் ஜனங்களுக்கு அழுகை வராது என்பது அவர் சித்தாந்தம். முதலில் காசநோயில் சாகடிப்பதாகத்தான் இருந்தாராம். அந்த நோயை ஏற்கெனவே வேறொரு நடிகனின் தாய்க்குக் கொடுத்துவிட்டதால் ஆற்றில் தள்ள வேண்டியதாயிற்று. அப்படித்தான் சந்தையில் கூவித் தமாலே விற்ற அவள் மகன் நிக்கானோர், ஹலிஸ்கோ மண்ணின் மைந்தன் அவுரேலியோ மொந்தால்வோ ஆனான். குதிரையைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பான். தூரத்துக் காட்சிகளில் வேறு ஆள் ஏறுவான், கிட்டத்துக் காட்சிகளில் மரக்குதிரை. ஆனால் குரல், சும்மா சொல்லக் கூடாது, அவனுடையதுதான். சந்தை இரைச்சலை மீறிக் கூவிக் கூவியே வந்த குரல் அது.

படங்கள் ஓடின. மாளிகை வந்தது. தாயையும் அங்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டான், அதைக் குறை சொல்ல முடியாது. வருகிறவர்களிடம் மட்டும் "எங்க சமையல்காரம்மா" என்பான். அவன் கல்யாணத்தன்று அவள் அடுப்படியில் நின்று மோலே குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

மே பத்து, அன்னையர் தினம் வந்தால் இன்னும் கொடுமை. தாய் இருப்பவர்கள் சட்டையில் சிவப்புப் பூ குத்துவார்கள், இழந்தவர்கள் வெள்ளை. விடிந்ததும் அவனுடைய ஜரிகைச் சட்டையை இஸ்திரி போட்டு, அதில் வெள்ளைப் பூவைத் தன் கையாலேயே குத்தி அனுப்புவாள் திபூர்சியா. அவன் சான் மெல்கியாதெஸுக்குப் போய் அம்மாவின் கல்லறை முன்னால் பாடுவான். வானொலியில் நாடே கேட்டு அழும். அவளும் கேட்பாள்.

அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று.

"நாலு பேர் முன்னாடி ஒரே ஒரு தடவை என்னை அம்மான்னு கூப்பிடு. அப்புறம் நீ என்னை எந்த ஆத்துல வேணா தள்ளிக்கோ."

"இந்தப் படம் வெளிய வரட்டும்மா."

எத்தனையோ படங்கள் வெளியே வந்துவிட்டன. ஒரு வருஷம் ஏப்ரலில் வானொலிப் பேட்டி ஒன்றில், "தாய்ப்பாலின் ருசியே அறியாதவன் நான்" என்று தழுதழுத்தான். திபூர்சியாவுக்கு வந்ததே கோபம். பல் முளைத்துக் கடித்த பிறகும் விடாமல் குடித்தவன். பொறுத்தது போதும் என்று, மே பத்துக்கு முதல் நாள், சமையலறையில் கூட இருந்த கூக்காவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

"அங்க போய் என்ன செய்யப் போறீங்க தோனா?" என்றாள் கூக்கா.

"எப்படிப் பொதைச்சிருக்கான்னு பார்க்கிறேன்."

நன்றாகத்தான் புதைத்திருந்தார்கள். பளிங்குக் கல்லறை, தேவதைச் சிலை, மெழுகுவத்தி விற்கும் கடைகள். வெறும் கையோடு போகக் கூடாதென்று அவளும் ஒரு கொத்துப் பூ வாங்கினாள். ஜனம் வளைந்து வளைந்து வரிசையில் நின்றது. குடிகாரப் புருஷன் திருந்த, வடக்கே வேலைக்குப் போனவன் காகிதம் போட, பிள்ளைவரம் கிடைக்க, எல்லாவற்றுக்கும் அந்தப் புண்ணியவதியிடம் வேண்டினால் போதுமாம். வரிசையில் முன்னால் நின்ற பெத்ரோனிலா என்ற விதவை எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள்.

"என் பையன் மூணு வருஷமா என்கூடப் பேசலை. போன தடவை வேண்டிக்கிட்டேன், வந்துட்டான்."

"அப்புறம்?"

"வந்து மாட்டைக் கேட்டான். அது கிடக்கட்டும், வந்தானா இல்லையா?"

கல்லறையின் மேல் ஒரு படம். நீலக் கண்ணும் கொடியிடையுமாக யாரோ ஒரு பெண். திபூர்சியா தன் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"இவளா அவன் அம்மா?"

"எவ்வளவு சாந்தம் பாருங்க. வாயைத் திறந்து ஒரு கெட்ட வார்த்தை பேசியிருக்க மாட்டா."

திபூர்சியாவுக்குச் சந்தையில் பேசியதெல்லாம் ஞாபகம் வந்தது. முறை வந்ததும் முழங்காலிட்டாள். தன்னிடமே என்ன வேண்டுவது? ஆனாலும் வேண்டினாள். "நீதான் அவனுக்கு எல்லாம். கொஞ்சம் என்னையும் அவன் கண்ணுல காட்டு, தாயே." இல்லாதவளிடம் கையேந்தும்படி ஆகிவிட்டதே என்று ஆத்திரமாக இருந்தது.

பிள்ளை வந்தான். கல்லறைத் தோட்டத்து வாசல்வரை கார், அதன் பிறகு குதிரை. இரண்டு பேர் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவன் பின்னாலிருந்து அவன் இடுப்பைத் தாங்கினான். ஜனங்களுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. எக்காளமும் வயலினும் முழங்க, இறங்கி மைக் முன் நின்று பாடத் தொடங்கினான்.

இரண்டாவது சரணத்தில் முன்வரிசையில் அவளைப் பார்த்துவிட்டான். "அம்மா" என்ற சொல்லில் குரல் உடைந்தது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. திபூர்சியா குத்துக்கல்லாட்டம் நின்றாள். அவன் மைக்கைக் கையில் பிடித்தபடியே வந்தான். அவள் காலடியில் விழுந்தான்.

"இவங்கதான் என் அம்மா," என்றான். "அந்தக் கல்லறைக்குள்ள யாரும் இல்லை. என்னைப் பெத்தவங்க இவங்கதான்."

நாடே கேட்டது. திபூர்சியாவின் பெற்ற வயிறு குளிர்ந்தது. அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

பிறகு கூட்டத்தில் ஓவென்று அழுகை கிளம்பியது.

"என்ன மனசுய்யா. யாரோ ஒரு ஏழைக் கிழவியைப் போய்..." என்றார் ஒருவர்.

"இல்லை, நிஜமாத்தான் சொல்றேன்," என்று கத்தினான் அவன். "மெர்செத் சந்தையில தமாலே வித்தவங்க. நான் அங்கதான் பொறந்தேன்."

"தமாலே விக்கிறவளைக்கூட அம்மாவா நினைக்கிறார் பாருங்க," என்று அறிவிப்பாளர் வானொலியில் விம்மினார். உண்மை கூடக்கூட அழுகையும் கூடியது.

"நான் பெத்த பிள்ளைங்க இவன்," என்றாள் திபூர்சியா. "காலை நீட்டிக்கிட்டுப் பொறந்தான். உயிர் போய் உயிர் வந்தது."

பெத்ரோனிலா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "பாவம், சந்தோஷத்துல இவளுக்குப் புத்தி தடுமாறிடுச்சு. பாத்தீங்களா, வேண்டின கையோட ஒரு பிள்ளையைக் குடுத்துட்டா அந்தப் புண்ணியவதி."

அன்று வீடு திரும்பும்வரை அவன் காரில் அழுதுகொண்டே வந்தான். அது நடிப்பில்லை, அவளுக்குத் தெரியும்.

"நான் சொல்லிட்டேன்ல? அவங்க நம்பலைன்னா நான் என்னம்மா பண்றது?"

அதில் கொஞ்சம் நிம்மதியும் கலந்திருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் போதும் என்றிருந்தது. அந்த உடைந்த குரலை வைத்துக்கொண்டு அவள் ஒரு வருஷம் ஓட்டினாள். அடுப்படியில் வேலை செய்யும்போது அது காதில் கேட்கும்.

பெர்மூதெஸுக்கோ தலைகால் புரியவில்லை. கடிதம் மூட்டை மூட்டையாக வந்தது, படம் எல்லா ஊரிலும் மறுபடி ஓடியது. அடுத்த மே பத்துக்குக் கல்லறை முன்னால் மேடை போட்டார். அதற்கு எதிரே ஒரு வரிசை நாற்காலி, அதில் பொறுக்கியெடுத்த ஏழைக் கிழவிகள். திபூர்சியா புதுச் சால்வை போர்த்திக்கொண்டு போய், கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

பெர்மூதெஸ் ஓடிவந்து குனிந்து மெதுவாகச் சொன்னார். "தோனா, உங்களுக்குத்தான் போன வருஷமே கிடைச்சிடுச்சே. மத்தவங்களுக்கும் ஒரு வாய்ப்பு வேணாமா?"

"யோவ், நான் அவனைப் பெத்தவய்யா."

"எனக்குத் தெரியாதா? அதனாலதான் உரிமையோட கேக்குறேன்."

அவன் பாடினான். இரண்டாவது சரணத்தில், "அம்மா" என்ற சொல்லில், குரல் அதே இடத்தில், அதே மாதிரி உடைந்தது. மேடையிலிருந்து இறங்கி ஓடி, நாற்காலியில் இருந்த பெத்ரோனிலாவின் காலில் விழுந்தான். "இவங்கதான் என் அம்மா," என்றான். பெத்ரோனிலா அவன் தலையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். யாரோ ஒத்திகை பார்த்துக் கொடுத்திருக்க வேண்டும். ஜனம் ஓவென்று அழுதது.

பக்கத்தில் நின்ற ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு திபூர்சியாவைப் பார்த்தாள்.

"என்ன தோனா, அன்னையர் தினமும் அதுவுமா தனியா வந்திருக்கீங்க. உங்களுக்குப் பிள்ளை இல்லையா?"

"இருக்கான்," என்றாள் திபூர்சியா. "வேலையா இருக்கான்."