பிந்திப் பாயும் ஆட்டுரல் கார்

வெள்ளத்துரையின் காரில் ஆக்சிலேட்டரை இன்று மிதித்தால் அந்த மிதி நாளைதான் வந்து சேரும். தூத்துக்குடியில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவன் மண்டி இருந்த தெருக்காரர்கள் முந்தின நாளே விசாரித்து வைத்துக்கொண்டு, மறுநாள் கோழிகளை அடைத்தார்கள், கொடியில் காயும் துணிகளை எடுத்தார்கள். அந்த வருஷம் வெங்காயம் விலை ஏறியதைப் பற்றிப் பேசிய அளவுக்குக்கூட இதைப் பற்றி யாரும் பேசவில்லை.

வெள்ளத்துரை கருப்பட்டி வியாபாரி. கை சுத்தம், வாய் சுத்தம், சிரித்த முகம். ஒரே ஒரு குறை, எதற்கும் பிந்தித்தான் வருவான். பத்து மாதத்தில் பிறக்க வேண்டியவன், மருத்துவச்சி காத்திருந்து காத்திருந்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு பதினோராம் மாதம் பிறந்தான். சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். விடிவதற்கு முன்பே கிளம்புகிறவன்தான். ஆனால் அவன் கிளம்பினால் ரயில்வே கேட் சாத்திக்கொள்ளும், ஆட்டு மந்தை குறுக்கே வரும், ஒன்றுமே இல்லாத நாளில் சாலையே சற்று நீண்டுவிடும். அவன் ஏறிய பஸ்ஸும் பிந்தும் என்பதால் கண்டக்டர்கள் அவனைக் கண்டால் விசில் ஊதிவிடுவார்கள். அவனுக்கு முதலில் பார்த்த பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணமே குறித்தாயிற்று. இவன் மாலையும் கழுத்துமாகப் பந்தலுக்குள் நுழைந்தபோது அந்தப் பெண் வேறொருவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளத்துரை கோபப்படவில்லை. தன் கழுத்து மாலையைக் கழற்றி அந்த மாப்பிள்ளைக்குப் போட்டு, மொய் எழுதி, பாயசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தான்.

அந்தப் பந்தலில் சாப்பிட உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி ஆறுமுகநேரி செல்லக்கிளி. உப்பளம் வைத்திருந்த சங்கரபாண்டியனின் ஒரே மகள். அவள் வீட்டுக்குப் போனதும், கட்டினால் அந்தப் பிந்தி வந்த மாப்பிள்ளையைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். சங்கரபாண்டியன் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒப்புக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார். "முகூர்த்தத்துக்கு மாப்பிள பந்தல்ல நிக்கணும். இல்லன்னா என் தங்கச்சி மவன் சொரிமுத்து குளிச்சு முழுகி, பட்டு வேட்டி கட்டி ரெடியா இருப்பான். அவன் கையில தாலியக் குடுத்துருவேன். பெறவு யாரும் அழப்பிடாது." சொரிமுத்து நேரம் தவறாதவன். அவனைப் பார்த்து ஊரில் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். நல்ல பையன்தான், செல்லக்கிளிக்குத்தான் பிடிக்கவில்லை.

இதற்காகத்தான் வெள்ளத்துரை கார் வாங்கினான். புதுத் துறைமுகம் திறந்த மறு வருஷம், ஜப்பான் கப்பலில் வந்து உரிமை கேட்க ஆளில்லாமல் கிடந்த சாமான்களை ஏலம் விட்டார்கள். அவன் போய்ச் சேர்வதற்குள் ஃபேனும் ரேடியோவும் ஏலம் போய்விட்டன. யாரும் தொடாத ஒரு சிவப்புக் கார் மிச்சம் நின்றது. இரண்டு பேர் உட்காரலாம், பாம்பு படுத்திருப்பது போலத் தரையோடு தரையாக இருந்தது. கிருபை மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வந்து பார்க்கச் சொல்லித் தெருவையே கூப்பிட்டார். உள்ளே பிஸ்டன் கிடையாது. முட்டை வடிவக் கூட்டுக்குள் மூன்று பக்கமும் உப்பிய முக்கோணம் ஒன்று, ஆட்டுரலில் குழவி சுற்றுவது போல ஓரத்தைத் தடவித் தடவிச் சுற்றியது. அன்றிலிருந்து அது ஆட்டுரல் கார். பெட்ரோலை மட்டும் கோடையில் மோர் குடிக்கிற மாதிரிக் குடித்தது. வேகமோ கிடையாது. எங்கள் ஊர் உப்புக் காற்று அதன் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டதோ என்னவோ, முக்காணி பாலத்து ஏற்றத்தில் வைக்கோல் வண்டிகள் அதை முந்திக்கொண்டு போயின.

"இதுக்கு மூச்சு பத்தல அண்ணாச்சி. டர்போ வச்சாத்தான் ஓடும்" என்றார் கிருபை. டர்போ என்றால் என்ன என்று தெருவே கேட்டது. வெளியே போகிற புகையின் வழியில் ஒரு சக்கரம், அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். போகிற புகை ஒன்றைச் சுற்றிவிட, மற்றது புதுக் காற்றை அள்ளி இன்ஜினுக்குள் திணிக்கும். வெளியே போகிறவன் உள்ளே வருகிறவனுக்குக் கதவைத் தள்ளிவிட்டுப் போகிற மாதிரி என்று கிருபை சொன்னதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. காற்று அதிகமானால் முக்கோணத்தின் மூலைகளில் காற்று கசியாமல் அடைத்து நிற்கிற மூலைக் கட்டைகள் பிய்த்துக்கொண்டு போகும் என்பதையும் அவர் சொன்னார். அது யார் காதிலும் விழவில்லை.

கடற்கரைச் சாலையில் பிளாரன்ஸ் அக்கா கடையில் டர்போ மூன்று இருந்தன. கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகிற எல்லாம் அந்தக் கடையில் கிடைக்கும், கயிறு, கப்பி, கண்ணாடிப் புட்டிகள், ஒரு தடவை மேலைநாட்டுப் பனிகூடப் பெட்டியில் வந்து கரையாமல் இருந்தது. அக்காவின் கணவர் முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகு சங்கு குளிக்கப் போகிறவர். டர்போக்களை அவர்தான் வாயால் ஊதிக் காட்டினார். சின்னது ஒரு பூ ஊதலுக்கே கிர்ரென்று சுற்றி உடனே நின்றது. நடுத்தரம் ஊதும்வரை சுற்றியது. பெரியதை, கடலடியில் அடக்குகிற மூச்சையெல்லாம் கூட்டி அவர் ஊதினார், அது அசையவில்லை. எல்லோரும் டீ குடித்து முடித்த பிறகு தானாகச் சுற்றத் தொடங்கி, கடையிலிருந்த பாய்மரத் துணிகளையெல்லாம் உப்பவைத்து, சாயங்காலம்வரை நிற்கவில்லை.

மூன்றையும் மாட்டிப் பார்த்தார்கள். சின்னது மிதிப்பதற்கு முன்பே பாய்ந்தது. போகலாம் என்று நினைத்து வெள்ளத்துரை செருப்பை மாட்டுவதற்குள், கார் அவன் இல்லாமல் புறப்பட்டுத் தெருமுனை டீக்கடைவரை ஓடி, மூச்சு வாங்கி நின்றது. தன் காருக்கே பிந்திப்போன மனிதன் என்று பிளாரன்ஸ் அக்கா ஒரு வாரம் சிரித்தாள். நடுத்தரம் சொன்ன பேச்சைக் கேட்டது. மிதித்தால் போனது, காலை எடுத்தால் நின்றது, மூலைக் கட்டைகளுக்கும் நல்லது. கிருபை அதைத்தான் போடச் சொன்னார். ஆனால் வெள்ளத்துரை மிதிக்கப் போகிற நேரத்தில் யாராவது வந்து ஜன்னலில் கை வைத்து, "அண்ணாச்சி, ஒரு நிமிசம்" என்றார்கள். பெரியது ஒரே அடியாகக் கழுத்தை அறுத்தது. இன்று மிதித்தால் நாளைதான் பாய்ந்தது. லேசாக மிதித்தால் அன்று பொழுது சாய்வதற்குள் வந்தது. எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு தள்ளிப் போனது, தள்ளிப்போன அளவுக்கு மூர்க்கமாக வந்தது. பிந்துகிறவனுக்குப் பிந்துகிற டர்போவா, கழற்றிக் கடலில் போடு என்று எல்லோரும் சொன்னார்கள்.

கல்யாணப் பட்டு எடுக்க வந்திருந்த செல்லக்கிளி அப்போது தன் அப்பாவோடு கடைக்கு வந்தாள். மூன்றின் குணத்தையும் கேட்டாள். "பெருசே இருக்கட்டும்" என்றாள்.

"ஏளா, உனக்கென்ன கிறுக்கா?" என்றார் சங்கரபாண்டியன்.

"இல்லப்பா. இவியள கெளம்புற நேரத்துலதான எல்லாரும் மறிக்காவ? முந்தின நாளே மிதிச்சாச்சுன்னா இன்னைக்கு யாரு மறிக்க முடியும்? வண்டில உக்காந்து மட்டும் இருந்தாப் போதும்."

கிருபை பெரியதையே மறுபடி மாட்டி, கடை வாசலில் இன்ஜினை ஓடவிட்டார். அப்பா ஒரு கப்பிக்கு விலை பேசிக்கொண்டிருந்த நேரத்தில், செல்லக்கிளி உறுமிக்கொண்டு நின்ற காரில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தள்ளிப் போகும் என்று கிருபையிடம் கேட்டாள். பிறகு உதட்டுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண், கார் ஆசை என்று விட்டுவிட்டார்கள்.

கல்யாணம் புதன்கிழமை, ஆறுமுகநேரியில். செவ்வாய் காலையில் மிதித்துவிட வேண்டும் என்று வெள்ளத்துரை மண்டிச் சுவரிலேயே கரியால் எழுதி வைத்தான். செவ்வாய் காலையில் உடன்குடியிலிருந்து கருப்பட்டிச் சிப்பங்கள் வந்து இறங்கி, எழுத்தை மறைத்து அடுக்கப்பட்டன. அப்புறம் முடிவெட்டுகிறவர் வந்தார், சொந்தக்காரர்கள் வந்தார்கள், சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு வந்தது. புதன் விடியலில் குளித்துப் பட்டு கட்டிக்கொண்டு வந்தபோதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் இன்ஜினைப் போட்டு, கால் வலிக்கும்வரை மிதித்தான்.

"இன்னைக்கு மிதிச்சா நாளைக்குல்லா அண்ணாச்சி வரும்" என்றார் கிருபை. உறவினர் ஏறிய வேனும் போய்விட்டது.

வெள்ளத்துரை ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதான். முதல் இரண்டு தடவையும் அவன் அழவில்லை. அந்தப் பெண்களுக்கு யாரோ இவனைப் பார்த்துவைத்தார்கள். இவளோ தானாக இவனைக் கேட்டவள். சொரிமுத்து இந்நேரம் குளித்து முடித்திருப்பான்.

அப்போது கார் பாய்ந்தது.

அவன் மிதித்த மிதி இல்லை அது. அது வேறு யாரோ, வெகு நாளைக்கு முன்னால், நிதானமாக எண்ணி மிதித்தது. ரயில்வே கேட் சாத்துவதற்கு முன்னால் கார் அதைக் கடந்தது. முக்காணி பாலத்தை அது தாண்டியபோது ஆற்றில் துவைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒரு காற்று மட்டும் தெரிந்தது. வேகம் கூடக்கூட, கிழக்கே எழுந்த சூரியன் மறுபடி இறங்கிப் போயிற்று. இருட்டு ஒரு கண்ணிமைப்பில் கடந்தது. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் ஆட்கள் நேற்றைய வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். புதன் காலை புறப்பட்ட வெள்ளத்துரை செவ்வாய் சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தில், வாழை மரம் கட்டிக்கொண்டிருந்த பந்தல் வாசலில் வந்து இறங்கினான்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை வந்து இறங்குவது ஆகாதே என்று ஒரு பெரியவர் முனகினார். "இவரு கெளம்புனது புதன்கெழமதான், தோசம் இல்ல" என்று சொல்லிச் சங்கரபாண்டியன் முடித்துவைத்தார். இருந்தாலும் வியாபாரி அல்லவா, சந்தேகம் போகவில்லை. மாப்பிள்ளைக்கு இட்லி வைக்கச் சொல்லிவிட்டு, தூத்துக்குடி மண்டிக்கு டிரங்க் கால் போட்டார். மறுமுனையில் வெள்ளத்துரையே எடுத்தான்.

"மாப்பிள, கெளம்பியாச்சா?"

"இந்தா கெளம்பிட்டேன் மாமா!" என்றது போன். பின்னால் சிப்பம் எண்ணுகிற சத்தம் கேட்டது.

இட்லி தின்றுகொண்டிருந்த வெள்ளத்துரை தலையை நிமிர்த்தாமல் சொன்னான், "அவன நம்பாதீய மாமா."

சங்கரபாண்டியன் போனை வைத்துவிட்டு யோசித்தார். ரெண்டு மாப்பிள்ளை இருப்பது நல்லதுதான், ஒருத்தர் பிந்தினாலும் ஒருத்தர் இருப்பார் என்று சமாதானமாகி, வந்த மாப்பிள்ளையைக் காய்கறி நறுக்க உட்காரவைத்தார்.

வெள்ளத்துரை வாழ்க்கையில் முதல் தடவையாகக் காத்திருந்தான். பந்தல் போட்டு முடிவதற்கும், அடுப்பு மூட்டுவதற்கும், மேளக்காரர் வருவதற்கும் காத்திருந்தான். இத்தனை வருஷம் தனக்காக மற்றவர்கள் இப்படித்தான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று நினைத்து அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, நன்றியாகவும் இருந்தது. காலையில் மாலை எடுத்துக் கொடுக்க வந்த செல்லக்கிளி குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்.

"மறந்துட்டியள்ளா?"

"மறந்துட்டேன்."

"தெரியும். அதான் அன்னைக்கே மிதிச்சு வச்சேன். புதன் காலைக்குன்னு எண்ணித்தான் மிதிச்சேன். வேகம் கொஞ்சம் கூடிப்போச்சு போல."

சொன்ன முகூர்த்தத்தில் தாலி ஏறியது. குளித்து முழுகி வந்த சொரிமுத்துவை முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். இலை போட்ட நேரம் சரியாக இருந்தது என்று அவன் பாராட்டினான். புதன் விடியலில் வெள்ளத்துரை அழுது மிதித்த மிதியும் வீணாகவில்லை. வியாழன் விடியலில் மணமக்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகக் காரில் ஏறி உட்கார்ந்ததும் அது வந்து சேர்ந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் தூத்துக்குடி வாசலில் ஆரத்தித் தட்டுக்கு முன்னால் நின்றார்கள். மஞ்சள் நீர்தான் இன்னும் கரைக்கப்பட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளத்துரை திருந்திவிட்டான் என்று சொல்ல ஆசைதான். திருந்தவில்லை. தினம் சாயங்காலம் செல்லக்கிளிதான் மறுநாளைக்கு மிதித்துவைப்பாள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும், எட்டயபுரத்து மொத்த வியாபாரியிடம் சரக்கு பேசியதும் எல்லாம் முந்தின நாள் மிதியில்தான். மூலைக் கட்டைகள் இரண்டு தடவை பிய்த்துக்கொண்டு போயின. கிருபை அந்தக் கல்யாணத்தை நினைத்துக்கொண்டு காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்.

எழுபத்தொன்பதாம் வருஷப் பொங்கல் கழிந்து ஒரு நாள், செல்லக்கிளி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், வெள்ளத்துரை காரில் ஏறி மத்தியானம் முழுவதும் காலை எடுக்காமல் மிதித்தான். அவள் திரும்பி வந்தபோது டாங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை.

"எங்க போவ இவ்வளவு மிதிச்சிய?" என்று கேட்டாள்.

"தெரியல. வரும்போது வரட்டும். அந்நேரம் நீ பக்கத்துல இருந்தாப் போதும்."

அந்த மிதி இன்னும் வரவில்லை. கிருபை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வரத்தான் செய்யும் என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் இருவரும் ஆட்டுரல் காரில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். மடியில் ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன் இருக்கும். தெருவில் போகிறவர்கள், "இன்னும் வரலியா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு, காருக்கு முன்னால் நிற்காமல் ஓரமாக ஒதுங்கிப் போகிறார்கள்.