ஏறாத சென்ட்ரிங்

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், பூகம்பமே வந்தாலும் அசையாத நமது கம்பிவடப் பாலத்தின் கோபுரத்தில், இன்று காலை பதினோரு மணிக்கு மாண்புமிகு விருந்தினர் பொத்தானை அமுக்க, சென்ட்ரிங் தானாகவே நான்கு மீட்டர் மேலே ஏறும். ஏறும்போது அனைவரும் கை தட்ட வேண்டும்.

ஒலிபெருக்கி இதை மூன்றாம் முறை முழங்கியபோது, சோதனை அறையில் அவள் மூன்றாவது கான்கிரீட் கட்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கோபுரத்துக்கு ஊற்றும் கலவையிலேயே கொஞ்சம் பிடித்து, கட்டையாக வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் போட்டுவைப்பார்கள். இயந்திரத்தில் நசுக்கும்போது முள் இருபதைத் தாண்டினால் மேலே கான்கிரீட் இறுகிவிட்டதென்று பொருள். போல்ட்டுகளைக் கழற்றி, கான்கிரீட் வார்க்கும் அச்சான சென்ட்ரிங்கை ஏற்றலாம். ஏறி முடிக்கும்வரை அந்த இரும்புக் கூடு, உள்ளே நிற்கும் ஆறு பேரோடு, தூக்கும் ஜாக்கிகளை மட்டுமே நம்பித் தொங்கும். அந்த ஆறு பேரில் மேஸ்திரி அவள் புருஷன்.

மூன்று கட்டைகளும் பதினொன்றிலேயே நொறுங்கின.

திட்ட மேலாளர் ஓடிவந்தார். நிறுவனத்தின் மானம், விருந்தினரின் பொன்னான நேரம், விஞ்ஞானத்தின் எதிர்காலம் எல்லாவற்றையும் பேசிவிட்டு, முள் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே காட்டத்தானே செய்யும் என்று முடித்தார். அவள் பேனாவைத் தொடவில்லை. அடுத்து வாக்கிடாக்கியில் மேலிருந்து புருஷன் வந்தான்.

“ஏம்மா, பொண்டாட்டி பர்மிஷன் குடுத்தாதான் ஏறுவியான்னு இங்க அத்தன பேரும் சிரிக்கிறானுங்க. இருபதுன்னு எழுதினா உன் கை தேஞ்சா போயிடும்?”

“போல்ட்டுல கைய வெச்சீங்க, அப்புறம் வீட்டுப் பக்கமே வராதீங்க.”

மற்ற ஐந்து பேரின் சிரிப்பும் கேட்டது. போல்ட்டுகள் கழலவில்லை. எதனோடும் இணைக்காத பொத்தானை விருந்தினர் அமுக்கிப் படம் எடுத்துக்கொள்வது என்று சமரசம் ஆயிற்று.

பதினொன்று ஐந்துக்குத் தரை குலுங்கி, தொட்டித் தண்ணீர் தானாகத் தளும்பியது. வாசலுக்கு வந்து அண்ணாந்தாள். கோபுரம் யாரையோ தேடுவதுபோல இப்படியும் அப்படியும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலேயிருந்து மஞ்சளாக ஒன்று விழுந்தது. வெறும் ஹெல்மெட் என்று கண் சொன்ன பிறகும் நெஞ்சு நம்பவில்லை. வாக்கிடாக்கியை அமுக்கியபடியே நின்றாள். பேசவும் வேண்டும் என்பது மறந்துபோயிருந்தது. விருந்தினர் மேடையிலிருந்து குதித்து, தன் காவலர்களையே முந்தி ஓடினார்.

ஆறு பேரும் ஏணிவழியே இறங்கினார்கள். புருஷன் சோதனை அறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தான். “கழட்டியிருந்தா...” என்று ஆரம்பித்தான்.

வெளியே ஒலிபெருக்கிக்கு உயிர் வந்தது. நமது தரக்கட்டுப்பாட்டின் தீர்க்கதரிசனத்தைப் பாராட்டிய மேலாளர், ஆறு உயிர்களைக் காத்த அந்தச் சரித்திரக் கட்டையை உடனே கொண்டுவரச் சொன்னார்.

அவள் உடைந்த கட்டையில் ஒரு துண்டை எடுத்துத் தூசியைத் துடைத்தாள். பச்சைக் குறி. கோபுரத்துக் கட்டைகளுக்குச் சிவப்பு. விருந்தினர் பார்வைக்காக நேற்று அறையைக் கழுவியபோது கட்டைகள் இருந்த தட்டுகளை இடம் மாற்றி வைத்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. தொட்டிக்குள் கைவிட்டாள். சிவப்புக் கட்டைகள் மூன்றும் அடியில் முழுசாகக் கிடந்தன. ஒன்றை எடுத்து இயந்திரத்தில் வைத்தாள். தரையில் இருந்தபடியே அவன் பார்த்தான். முள் பதினொன்றைத் தாண்டியது, இருபதைத் தாண்டியது, இருபத்தாறில்தான் கட்டை உடைந்தது.

“அப்ப அது?” என்றான்.

பச்சை, விருந்தினர் மேடைக்கு ஊற்றியது.