புதன்கிழமை ஊசி

"ஊசி போட்டதும் மின்ஹாவுக்குக் காய்ச்சல் அடிச்சுச்சா?"

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஷீஜா டீச்சர் சாதாரணமாகத்தான் கேட்டார். ரைஹானத் தலையை ஆட்டி வைத்தாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவளுக்கே தெரியவில்லை. டீச்சர் தடுப்பூசி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திங்கட்கிழமை ஒரு நகல் எடுத்துட்டு வாங்க."

அந்தக் கேள்வி தொண்டையில் மத்தி முள்ளாய் நின்றது. மூத்தவள் ரின்ஷாவுக்கு ஊசி போட்டபோது தொடை வீங்கி, இரண்டு நாள் வீடே தூங்கவில்லை. சின்னவள் மின்ஹா வீட்டிலேயே பிறந்தவள். கணவன் முனீருக்கு இயற்கை வைத்தியம் என்றால் உயிர், ஊசி என்றால் ஆகாது. போன வருடம் ஊசி போடாத பக்கத்து வீட்டுப் பிள்ளை தொண்டை அடைப்பானில் மூச்சுக்குத் தவித்தே செத்தது. அதன் பிறகு மின்ஹாவுக்கு ஊசி போட்டே ஆகவேண்டும் என்று ரைஹானத் அழுது அடம்பிடித்தாள். "நீ பயந்தாங்கொள்ளி. நானே கூட்டிட்டுப் போறேன்" என்று முனீர் மூன்று முறை பிள்ளையை பைக்கில் ஏற்றிப் போனான். மூன்று முறையும் அது ஐஸைச் சப்பிக்கொண்டு சிரித்தபடி திரும்பி வந்தது. கார்டில் ஒவ்வொரு முறையும் ஒரு தேதியும் சப்-சென்டர் சீலும் ஏறின.

ஞாயிறு மாலை, நாலாம் வகுப்பு ரின்ஷா கைபேசிக் காலண்டரோடு தரையில் படுத்திருந்தாள். அவளுக்கும் கணக்கு எடுப்பது ஷீஜா டீச்சர்தான்; புத்தகக் கணக்கு கொடுப்பதில்லை. வீட்டிலிருக்கும் தேதிகளுக்கெல்லாம் கிழமை கண்டுபிடித்து வரவேண்டுமாம். தன் ஊசி கார்டை முடித்துவிட்டுத் தங்கையின் கார்டை எடுத்தாள்.

"உம்மா, இது மூணும் வெள்ளிக்கிழமை!"

"சரியாப் பாரு மோளே."

"பாத்துட்டேன். என்னுது எல்லாம் புதன். நம்ம சப்-சென்டர்ல புதன்தான ஊசி?"

முனீர் தேநீர்க் கோப்பையோடு வந்தான். ரைஹானத் கார்டை நீட்டினாள்.

"இக்கா, மூணும் எப்படி வெள்ளிக்கிழமை?"

"கடை லீவு அன்னைக்குத்தானே போக முடியும்?"

"கடைக்கு லீவு சரி. நர்ஸ் வெள்ளிக்கிழமை ஊசி போட மாட்டாங்களே."

"எட்டாவதோட நின்னவ கேள்வி கேக்குறதப் பாரு!"

"நான் கேக்கல. உங்க மோளோட வீட்டுப்பாடம் கேக்குது."

அவன் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றது. ரைஹானத் மின்ஹாவை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"உப்பாகூடப் போனப்ப நர்ஸம்மா குத்துனாங்களாடீ?"

"இல்லையே. கடல் பாத்தோம். ஐஸ் தின்னோம். உம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு உப்பா சொன்னாங்க."

"ரப்பர் சீல் எங்க செஞ்சீங்க, இக்கா?"

முனீர் கோப்பையைக் கீழே வைத்தான். கார்டை எடுக்கக் கை நீட்டினான். அவள் அதைத் தலையணை உறைக்குள் திணித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை அவள் நகலும் எடுக்கவில்லை, பள்ளிக்கும் போகவில்லை.

புதன்கிழமை காலை மழை. முனீர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். "இந்த மழையில பிள்ளையத் தூக்கிட்டு எங்க கெளம்பிட்டே?"

ரைஹானத் குடையை விரித்தாள். மின்ஹாவை இடுப்பில் ஏற்றினாள். அவனைத் தாண்டி, சப்-சென்டர் இருக்கும் பக்கம் நடந்தாள்.