பாலத்துக்காக நின்ற டாக்டர்

ஓட்டுப் பதிவு மேடையில் வேட்பாளராக உட்கார்ந்திருந்தார் யூவன் மக்ரே டாக்டர். இருபது வருஷமாக வைத்தியம் பார்க்கிற ஊர், கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம் என்றல்லவா நினைத்திருந்தார்!

அவருக்கு அரசியலில் வேண்டியது ஒன்றே ஒன்று, ஆற்றுக்கு ஒரு பாலம். போன வசந்தத்தில் உறைந்த பனி உடைந்து ஆறு சீறியபோது, அக்கரையில் குடியிருந்த டகல்ட் என்பவனின் மனைவி மோராக் பிரசவ வலியில் துடித்தாள். படகு போகவில்லை. டாக்டர் பையும் கையுமாக நாள் முழுக்க இக்கரையிலேயே நின்றார். அவள் போய்விட்டாள். அன்றிலிருந்து டகல்ட் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பாலம் கேட்டு அனுப்பிய மூன்று மனுக்களையும் தலைநகரில் சீந்துவாரில்லை. அதனால்தான் தானே சட்டசபைக்குப் போவதென்று தேர்தலில் நின்றார்.

முதலில் மேடை ஏறியவர் கொல்லர் ஃபார்க்கர். நெஞ்சுச்சளியில் சாகக் கிடந்து பிழைத்தவர். ரகசிய ஓட்டு வராத காலம்; வழக்கப்படி, தன் ஓட்டு யாருக்கென்று ஊர் காதில் விழக் கத்தினார்: "பிரிம்ரோஸ்!"

பிரிம்ரோஸ் மர ஆலை முதலாளி, எதிர் வேட்பாளர்.

"அடப்பாவி! உன்னைப் பொழைக்க வெச்சவன் நான்யா!"

"அதனாலதான் டாக்டரே. நீங்க சட்டசபைக்குப் போயிட்டா, அடுத்த தடவை என்னை யாரு பொழைக்க வெப்பா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதற்கப்புறம் அதே பாட்டுத்தான். அவர் கைபட்டுப் பிழைத்தவன் ஒருவன் பாக்கியில்லாமல் எதிராகப் போட்டான். ஜோக் என்ற செருப்புத் தைக்கிறவன் மட்டும் துள்ளி ஏறினான்.

"மக்ரே! வலிச்ச பல்லை விட்டுட்டு நல்ல பல்லைப் புடுங்கினீங்களே, மறப்பேனா? போங்க சாமி, நல்லா தூரமாப் போங்க!"

அக்கரைக்காரர்கள் படகில் வந்து ஈடுகட்டினார்கள். சாயங்காலம் ஆளுக்கு நாற்பத்தொரு ஓட்டு. குமாஸ்தா ஏட்டை மூடப் போகும்போது டகல்ட் படியேறி வந்தான். டாக்டரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மக்ரே" என்றான் டகல்ட்.

"யோவ், டாக்டர் இல்லாம நாங்க என்னய்யா பண்றது?" என்று கீழிருந்து ஃபார்க்கர் கத்தினார்.

"என் மோராக் செத்தப்ப டாக்டர் ஊர்லதான் இருந்தாரு" என்றான் டகல்ட்.

அவன் டாக்டர் பக்கம் திரும்பினான். "போயிட்டு வாங்க டாக்டரே. வரும்போது பாலத்தோட வாங்க."

ஜெயித்த டாக்டர், ஊர் பார்க்க, மேடையிலேயே விம்மி விம்மி அழுதார்.